வியாழக்கிழமைச் சுண்ணாம்பு

திண்டுக்கல்லில் ஒரு காலத்தில் என்னைச் ‘சாணிக் கெமிஸ்ட்’ என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு, முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, கூடையும் கையுமாகத் தொழுவம் தொழுவமாகப் போய்ச் சாணி கேட்டு நின்றவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கு யாராவது கூப்பிட்டால் உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுப்பேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஊரின் ஓரத்தில் தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பில் எனக்குக் கெமிஸ்ட் வேலை. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் சோளமும் எள்ளும் விதைத்த குடும்பத்திலிருந்து தோல்ஷாப்பு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். வாரா வாரம் வீட்டுக்குப் போனால் கிணற்றடியில் குளித்த பிறகுதான் அம்மா உள்ளே விடுவாள். “நாத்தத்தக் கழுவிட்டு வா, சோறு எங்கயும் போயிறாது” என்பாள். எனக்கு அந்த நாற்றம் பழகிவிட்டது. அம்மாவுக்குக் கடைசி வரை பழகவில்லை.

ஷாப்புக்கு ஆட்டுத்தோல் உப்புத் தடவி வரும். உப்பை உதறி, ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்குவார்கள். சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் கலந்திருக்கும். தோலிலிருந்து மயிர் கழன்றுவருவது அதனால்தான். அப்புறம் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் பல நாள் கிடந்து தோல் பதப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் கழித்துவிடுகிற தண்ணீர் எல்லாம் ஒரே வாய்க்காலில் சேர்ந்து, கருப்பும் பழுப்புமாக நுரைத்துக்கொண்டு பள்ளத்துத் தோட்டங்களை நோக்கி ஓடும்.

பள்ளத்தில் முதல் தோட்டம் ஒரு அம்மாளுடையது. மல்லிகைத் தோட்டம். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார், நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். வாய்க்கால் ஓரத்துச் செடிகள் வரிசை வரிசையாகக் கருகிக்கொண்டு வந்தன. பூப்பறிக்க வந்த பெண்கள் நாற்றம் தாங்காமல் வேறு தோட்டம் பார்த்துப் போனார்கள். அக்கா மனு எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரித்த அதிகாரி தை மாதம் வரை கெடு வைத்தார். அதற்குள் தண்ணீர் திருந்த வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். வாய்க்காலை அடைத்தால் ஷாப்பை அடைத்த மாதிரிதான். நூறு பேருக்கு மேல் வேலை பார்த்த இடம் அது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீங்க படிச்ச புள்ள. ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

சமயம் பார்த்துக் காத்திருந்தவன் மாதிரி நான் அளக்க ஆரம்பித்துவிட்டேன். அழுக்கைத் தின்கிற கிருமிகள் இருக்கின்றன, இரண்டு குட்டை வெட்டி அவற்றை வளர்த்தால் போதும், அவையே தண்ணீரைத் திருத்திவிடும் என்று கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். எல்லாம் கல்லூரி நூலகத்தில் படித்ததுதான். நான் கண்ணால் கண்டது ஒன்றும் கிடையாது.

“வேலைக்கு ஆள் வைக்கச் சொல்றீங்க” என்றார் முதலாளி சிரித்துக்கொண்டே. “அதுகளுக்கு என்ன கூலி?”

“அழுக்குதான் முதலாளி. அதுகளுக்கு அதுதான் சாப்பாடு.”

“கண்ணுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாத ஆள நம்பி ஷாப்ப ஒப்படைக்கச் சொல்றீங்க. சரி, வெட்டுங்க.”

ஒரு ஆழக் குட்டையும் அதற்கு அடுத்து ஒரு அகலக் குட்டையும் வெட்டினோம். உப்புத் தண்ணீரை மட்டும் தனியே பிரித்துப் பாத்தி கட்டிக் காயவிட்டேன். உப்பை எந்தக் கிருமியும் தின்னாது, வெயில்தான் குடிக்க வேண்டும். ஆழக் குட்டையில் சாணியைக் கரைத்து ஊற்றினோம். போதாது என்று ஊருக்குள்ளிருந்து கழிவுத்தொட்டி மண்டியைப் பீப்பாயில் வண்டியேற்றிக் கொண்டுவந்தேன். வண்டி வந்த வழியெல்லாம் என் பெயர் நாறியது. சாணிக் கெமிஸ்ட் பிறந்தது அன்றைக்குத்தான்.

சில வாரங்களில் ஆழக் குட்டையில் குமிழி கிளம்பியது. முதலில் அங்கொன்று இங்கொன்று. அப்புறம் உலை கொதிக்கிற மாதிரி ஓயாமல் வந்தது. உள்ளே கிருமிகள் தின்கின்றன, அவை விடுகிற வாயுதான் மேலே வருகிறது. நான் கரையிலேயே குடியிருந்தேன். போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்திக் குமிழி காட்டினேன். ஒரு புதன்கிழமை முதலாளியையும் கூட்டிவந்து காட்டினேன். மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் ஊருக்குப் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை, ஷாப்புக்கு விடுமுறை. சனிக்கிழமை காலையில் திரும்பி வந்து பார்த்தால், குட்டையில் ஒரு குமிழி இல்லை.

தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேலே வெளுப்பாக ஒரு ஏடு. மறுபடி சாணி, மறுபடி மண்டி. செவ்வாய், புதனில் மெதுவாகக் குமிழி வந்தது. எனக்கு உயிர் வந்தது. வியாழக்கிழமை ஊருக்குப் போனேன். சனிக்கிழமை வந்தால் மறுபடியும் பிணம்.

இப்படியே வாரங்கள் போயின. நான் குளிரைக் குற்றம் சொன்னேன், சாணியைக் குற்றம் சொன்னேன், குட்டை வெட்டியவர்களைக் குற்றம் சொன்னேன். கடைசியில் குழிவேலை பார்த்த மேஸ்திரியின் மேல் பாய்ந்தேன். வெள்ளிக்கிழமைக்குப் போட வேண்டிய சாணியை ஏமாற்றுகிறார் என்று நானாக முடிவுகட்டி, ஆட்களுக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேன். என் அப்பா வயது இருக்கும் அவருக்கு. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் ஒருநாளும் ஏமாத்துனதில்ல சார்” என்று மட்டும் சொன்னார். அது எனக்குக் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, செத்த குட்டையைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பூத்தோட்டத்து அக்கா விறுவிறுவென்று உள்ளே வந்தார். வேரோடு பிடுங்கிய மல்லிகைச் செடி ஒன்றை மேசைமேல் போட்டார். வேர் தீய்ந்துபோய் இருந்தது.

“இதுக்கு ஒங்க படிப்பு என்ன சொல்லுது தம்பி?”

“குட்டை இன்னும் சரியா அமையலைக்கா. கொஞ்சம் பொறுத்துக்கங்க. இப்ப வாரம் பூரா தண்ணி முன்ன மாதிரி மோசமா இல்லையே?”

“இல்லதான். நான் அதச் சொல்லலையே. திங்க, செவ்வா, புதன் எல்லாம் ஒரு மாதிரிதான் வருது. வியாழக்கெழம பொழுது சாய மோரு கணக்கா வெள்ளையா வருது பாருங்க, அதுதான் இந்தச் செடியக் கொன்னுச்சு. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் பூ போகணும்னு விடியக்காலம் எறங்குறோம். வாய்க்காலத் தாண்டுனா காலு எரியுது. அம்புட்டு நாளும் ஒரு தண்ணி, அன்னைக்கு மட்டும் ஒரு தண்ணி. நீங்க அன்னைக்கு எங்க இருப்பீங்க?”

“ஊர்ல.”

“அதான” என்று சொல்லிவிட்டுச் செடியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் நான் ஊருக்குப் போகவில்லை. வியாழக்கிழமை மூன்று மணிப் பஸ்ஸை விட்டுவிட்டுச் சுண்ணாம்புக் குழிகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்கால அஸர் தொழுகை முடித்து ஆட்கள் வந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசையாக இருந்த எல்லாக் குழிகளின் அடைப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கினார்கள். வாரம் முழுக்கத் தோல் கிடந்த சுண்ணாம்பும் சல்பைடும் திமுதிமுவென்று ஓடியது. பின்னாலேயே தண்ணீர் அடித்து, விளக்குமாற்றால் குழிகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ஜும்மாவுக்கு ஷாப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் அத்தா காலத்திலிருந்து வருகிற வழக்கம். சனிக்கிழமை காலையில் குழிகள் எப்போதும் பளிச்சென்று இருந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த அழுக்கு எங்கே போயிருக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

குட்டைக்கு ஓடினேன். சிவப்பு லிட்மஸ் தாளை முக்கினால் சட்டென்று கருநீலமாகிவிட்டது. காலையில் கொதித்துக்கொண்டிருந்த குட்டை என் கண்ணெதிரே அடங்கியது. குமிழிகள் குறைந்தன, நின்றன. ஆறு நாள் சோறு போட்டு வளர்த்து, ஏழாம் நாள் நானே விஷம் வைத்திருக்கிறேன்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

“குட்ட வெட்டுனதே இந்தத் தண்ணிக்குத்தான சார்? நீங்க வந்ததுக்கு அப்பறம் இன்னம் நல்லாத் தேய்ச்சுக் கழுவுறோம். ஒரு சொட்டு மிச்சம் வைக்கிறதில்ல.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதர் என் குட்டைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஒவ்வொரு வியாழனும் பாடுபட்டிருக்கிறார். முன்பு எந்த ஆட்களுக்கு முன்னால் அவரைத் திட்டினேனோ, அதே ஆட்களுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டி, “விடுங்க சார், இனி என்ன செய்யணும் அதச் சொல்லுங்க” என்றார்.

என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது. எட்டுக் கண்ணாடி ஜாடிகளில் சாணியும் மண்டியும் கரைத்து, குமிழிவிட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் குழித் தண்ணீரை வெவ்வேறு அளவில் கரண்டியால் விட்டேன். வாரத்துக்கு உரியதை ஒரே நேரத்தில் விட்ட ஜாடி அன்று பொழுதுக்குள் அடங்கிவிட்டது. அதே அளவைத் தினம் ஒரு கரண்டியாகப் பிரித்து விட்ட ஜாடி இரண்டு நாள் முனகிவிட்டு எழுந்துகொண்டது. பிறகு ஒன்றரைக் கரண்டி, அப்புறம் இரண்டு. அதையும் தாங்கியது. முதல் நாள் கொன்றிருக்கக்கூடிய அளவை மூன்றாவது வாரத்தில் அது சாவகாசமாக வாங்கிக்கொண்டது. தாங்குகிறவை பிழைத்துப் பெருகியிருக்கின்றன. கல்லூரிக்கு எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். செத்த ஜாடித் தண்ணீரில் ஒரு அசைவு இல்லை. பிழைத்த ஜாடித் தண்ணீரில் கண்ணை எங்கே வைத்தாலும் நெளிவும் ஓட்டமும்தான், சந்தைக்கடை மாதிரி. ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்று சிரித்தேன். கதவருகே நின்ற ஆய்வுக்கூட உதவியாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

முதலாளியிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், “கழுவுறத மட்டும் நிப்பாட்டச் சொல்லிராதீங்க தம்பி. அது நடக்காது” என்றார். மேஸ்திரி முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

“நல்லாக் கழுவட்டும் முதலாளி. கழுவுன தண்ணி நேராக் குட்டைக்குப் போக வேணாம், அவ்வளவுதான். இடையில ஒரு பெரிய தொட்டி வேணும். அதுலருந்து வாரம் பூரா கொஞ்சம் கொஞ்சமா விடுவோம்.”

“ஒரு நாள் விருந்த ஏழு நாளைக்குப் பங்கு போடுறீங்க.”

“ஆமா முதலாளி.”

“இம்புட்டுத்தானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்” என்று அன்றைக்கே கொத்தனாரை வரச் சொன்னார்.

தொட்டி எழும்பியது. நடுவில் எனக்குப் புத்தி கெட்டுப்போய் ஒரு காரியம் செய்தேன். ஆவாரம்பட்டைத் தண்ணீர் புளிப்பு, சுண்ணாம்புத் தண்ணீர் காரம், இரண்டையும் தொட்டியிலேயே கலந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாந்தமாகிவிடும் என்று கணக்குப் போட்டுக் கலக்கவைத்தேன். சல்பைடு இருப்பதை மறந்துவிட்டேன். அழுகிய முட்டை நாற்றத்தோடு வாயு கிளம்பி, கண்ணெல்லாம் எரிந்து, நாங்கள் எல்லாரும் வேலி தாண்டி ஓடினோம். அந்த வாயு ஆளைக் கொல்லும். அன்றைக்குக் காற்று நல்லபடியாக வீசியது, பிழைத்தோம். “கிருமிக்கு வச்சது நமக்கே வந்துருச்சே சார்” என்று மேஸ்திரி தும்மிக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு தண்ணீரையும் ஒன்றின் முகத்தில் மற்றொன்று விழிக்காதபடி தனித்தனி வழியில் விட்டோம்.

அடுத்த சங்கடம் தொட்டியின் திறப்பு. தொட்டி நிறைந்திருக்கும்போது தண்ணீர் பீறிட்டது, வற்ற வற்ற ஒழுக்கு குறைந்தது. சனிக்கிழமை அளவு புதன்கிழமை வரவில்லை. நான் காகிதத்தில் கணக்குப் போட்டுத் திணறிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி ஒரு அகலமான ரப்பர் குழாயை எடுத்து, அதன் வாயைச் சிறு துளையாகச் சுருக்கி, அந்த நுனியை ஒரு கட்டைத் துண்டோடு கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டார். மறுமுனை அடித் திறப்பில் மாட்டியிருந்தது. தண்ணீர் இறங்க இறங்கக் கட்டையும் கூடவே இறங்கியது. குழாயின் வாய் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரே அளவு கீழே இருந்ததால் ஒழுக்கு மாறவே இல்லை. சுண்டுவிரல் கனத்துக்கு, ராத்திரி பகல், சீராக. அடியில் படிந்த சுண்ணாம்பு குட்டைக்கு வராமல் தொட்டியிலேயே தங்கியது இன்னொரு லாபம். படித்தவன் நான்தான், ஆனால் குட்டையைக் காப்பாற்றியது அவர் கட்டிய அந்தக் கட்டைத் துண்டு. இதை நான் எந்த மேடையிலும் சொல்லுவேன்.

மார்கழி பாதியில் ஒரு வியாழக்கிழமை குழிகளைக் கழுவி முடித்ததும் நான் வேண்டுமென்றே ஊருக்குப் போனேன். அங்கே இருந்தால் ஏதாவது கையை வைத்துக் கெடுத்துவிடுவேன் என்று பயம். வீட்டில் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, ஷாப்பு வாசலிலிருந்தே ஓட்டமும் நடையுமாகப் போனேன். எனக்கு முன்னால் ஆட்கள் கரையில் கூடியிருந்தார்கள். மேஸ்திரி குட்டையைக் கையால் காட்டினார். மூலைக்கு மூலை குமிழி. கொதிக்கிறது. நான் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை யாரும் பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

அதற்கு அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அகலக் குட்டை முதலில் பழுப்பாக இருந்தது, பிறகு பச்சை பிடித்தது. கொசுப்புழு வந்தது, அதைத் தின்னத் தட்டான் வந்தது, பொங்கல் கழித்து ஒருநாள் தவளை கத்தியது. தோல்ஷாப்புத் தண்ணீரில் தவளை கத்துகிறது என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. வேலை முடிந்து போகிற ஆட்கள் வீட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

தை கடைசியில் அதிகாரி வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தவர் அகலக் குட்டைக்குப் பக்கத்தில் அதை எடுத்துவிட்டார். வாய்க்காலோடு நடந்து பூத்தோட்டத்து எல்லைக்குப் போனோம். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். முதலாளி, மேஸ்திரி, நான், பின்னால் பாதி ஷாப்பு.

“என்னம்மா, வாய்க்காலை அடைச்சுறலாமா? உங்க மனு இருக்கு, நீங்க சொல்றதுதான்” என்றார் அதிகாரி.

அக்கா வாய்க்காலில் இறங்கி நின்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, குழி கழுவிய மறுநாள்; விடுமுறை என்றாலும் ஆட்கள் வந்திருந்தார்கள். நாங்கள் கேட்டுத்தான் அந்தக் கிழமையை வாங்கியிருந்தோம். தண்ணீருக்குள் காலை வைத்தபடி செத்த நேரம் நின்றார். குனிந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார்.

“காலு எரியல” என்றார். கரையேறிக்கொண்டே, “இப்பத்திக்கு இருக்கட்டும்” என்றார். மனுவைத் திரும்ப வாங்குகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் மேஸ்திரிக்கு அது போதும். அவர் அங்கேயே என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டார். முதலாளி அதிகாரிக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் கொளுத்தியது. கிணறுகள் அடி மண்ணைக் காட்டின. நோன்புப் பெருநாளுக்கு ஷாப்பை மொத்தமாக ஒரு வாரம் அடைத்தார்கள். தொட்டியும் வற்றி, குட்டையிலிருந்து வழிவதும் நின்றுவிட்டது. நான் மட்டும் குட்டைக் கிருமிகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் வாசல் கம்பிக் கதவை யாரோ ஆட்டுகிற சத்தம் கேட்டுப் போனேன். அக்கா நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

“அஞ்சு நாளாத் தண்ணியக் காணோம். நீங்க பாட்டுக்குப் பூட்டிட்டுப் போனா என்ன அர்த்தம்?”

“பெருநாள்க்கா. திங்கக்கெழம தொறந்துருவாங்க.”

“திங்கக்கெழமைக்குள்ள எம் மல்லி காஞ்சுரும். மொட்டுப் புடிச்சு நிக்கிது, இப்பப் போயி நிறுத்தலாமா? சொல்லிப்புட்டேன் தம்பி, நாளைக்குத் தண்ணி வரலன்னா இன்னொரு மனு குடுப்பேன்.”

“எழுதிக் குடுங்கக்கா” என்றேன். “நானே கொண்டுபோய்ச் சேக்குறேன்.”